உங்களுக்குத் தெரியுமா? ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரு மருத்துவக் குறிப்பு

மருத்துவமனைகளும் மருத்துவர்களும் ஆய்வகங்களும் தங்கள் இணையதளங்களில் ஆங்கிலத்தோடு தமிழிலும் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். வரவேற்க வேண்டிய மாற்றம். ஆங்கிலத்தில் படிப்பவர் சந்தேகம் வந்தால் இன்னும் நாலு இடத்தில் தேடிப் பார்த்துக்கொள்வார். தமிழ் மட்டும் படிப்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த ஒரு பக்கம்தான். அதை நம்பி ஒரு மாத்திரையைப் போடுவார், அல்லது போடாமல் விடுவார். எழுதுகிறவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய சில செய்திகள் இங்கே.

♦ 2021 ஜனவரி. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலச் சுகாதாரத் துறை, கோவிட் தடுப்பூசி பற்றிய கேள்வி-பதில்களைத் தன் இணையதளத்தில் வைத்திருந்தது. தடுப்பூசி கட்டாயமில்லை என்பது ஆங்கிலத்தில் இருந்த பதில். பக்கத்தில் பொருத்தப்பட்டிருந்த தானியங்கி மொழிபெயர்ப்பு வசதி, ஸ்பானிய மொழியில் அதைத் 'தடுப்பூசி தேவையில்லை' என்று காட்டியது. கட்டாயமில்லை என்றால் முடிவு உங்கள் கையில். தேவையில்லை என்றால் போட்டுக்கொள்வதே வீண். தொற்று உச்சத்தில் இருந்த மாதம் அது. ஆங்கிலத்தில் எழுதியவர் மேல் தப்பில்லை. பொத்தானைத் தட்டினால் மொழி மாறும் வசதியில், இடையில் ஒரு மனிதர் படித்துப் பார்க்கும் கட்டமே கிடையாது.

♦ அந்தப் பொத்தானை எவ்வளவு நம்பலாம்? பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2014இல் வந்த ஆய்வு ஒன்று, மருத்துவர்கள் அன்றாடம் சொல்லும் 10 வாக்கியங்களை கூகுள் டிரான்ஸ்லேட் வழியாக 26 மொழிகளில் மாற்றிப் பார்த்தது. சரியாக வந்தவை நூற்றுக்கு 58க்கும் கீழே. 'உங்கள் குழந்தைக்கு வலிப்பு வந்திருக்கிறது' என்ற வாக்கியம் சுவாஹிலியில் 'உங்கள் குழந்தை இறந்துவிட்டது' என்று வந்தது. வார்டுக்கு வெளியே நிற்கும் ஒரு தாயிடம் அந்த வரியைக் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அதற்குப் பிறகு இயந்திரங்கள் வெகுவாகத் தேறியிருக்கின்றன, உண்மைதான். ஆனால் எல்லா மொழிக்கும் ஒரே அளவில் தேறவில்லை. அவசர சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்குத் தரும் குறிப்புகளை வைத்து 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஸ்பானிய மொழிக்கு 94 சதவீதம் சரி. அர்மீனிய மொழிக்கு 55 சதவீதம்தான். வலிக்கு ஐபுப்ரோஃபென் எடுத்துக்கொள்ளலாம் என்ற வரி அர்மீனிய மொழியில் பீரங்கி எதிர்ப்பு ஏவுகணை எடுத்துக்கொள்ளலாம் என்று வந்தது. இப்படிப்பட்ட பிழையைப் படிக்கிறவரே கண்டுபிடித்துவிடுவார். ஆபத்து மற்ற வகையில்தான் இருக்கிறது. அதே ஆய்வில், ரத்தம் உறையாமல் தடுக்கும் கூமடின் மருந்தின் பெயர் சீன மொழியில் சோயா பீன்ஸ் ஆகிவிட்டது. 'உங்கள் சோயா அளவு கூடியிருக்கிறது, இனிச் சாப்பிட வேண்டாம்' என்று படித்த நோயாளி சோயாவை நிறுத்துவார். நிறுத்த வேண்டிய மாத்திரையைத் தொடர்ந்து விழுங்குவார். வாக்கியம் இலக்கணச் சுத்தமாக இருக்கும்போதுதான் யாருக்கும் சந்தேகம் வராது. தமிழ் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை.

♦ அமெரிக்க அரசு 2024இல் திருத்திய விதி ஒன்று இதை நேரடியாகவே சொல்கிறது. நோயாளியின் உரிமைக்கோ சிகிச்சைக்கோ முக்கியமான எழுத்தை இயந்திரத்தால் மொழிபெயர்த்தால், தகுதியுள்ள மனித மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அதைச் சரிபார்த்தே தீர வேண்டும். இயந்திரத்தைப் பயன்படுத்தாதே என்று விதி சொல்லவில்லை. சரிபார்க்காமல் வெளியிடாதே என்கிறது. நம் ஊரில் யாரும் சட்டம் போடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

♦ நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி மருந்துக் கடைகளில், கணினி அச்சிட்டுத் தரும் ஸ்பானிய மொழி மருந்துச் சீட்டுகளை ஆராய்ந்த கட்டுரை 2010இல் வெளியானது. பார்த்த 76 சீட்டுகளில் பாதி பிழையானவை. பல சீட்டுகளில் பாதி வரி ஸ்பானியம், மீதி ஆங்கிலம். இந்த அரைகுறைக் கலப்பில் ஒரு பயங்கரம் ஒளிந்திருக்கிறது. 'ஒரு தடவை' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை அப்படியே விட்டால், அதே எழுத்துக்கள் ஸ்பானிய மொழியில் 'பதினொன்று' என்று பொருள்படும். தினம் ஒரு தடவை போட வேண்டிய ரத்த அழுத்த மாத்திரையை நினைத்துப் பாருங்கள்.

♦ 1980இல் தெற்கு ஃப்ளோரிடாவில் 18 வயது இளைஞன் ஒருவன் மயங்கிய நிலையில் மருத்துவமனைக்கு வந்தான். சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்ற பொருளில், கியூபாவிலிருந்து வந்த குடும்பத்தார் தங்கள் ஸ்பானிய மொழியில் ஒரு சொல்லைச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் போதையைக் குறிக்கும் சொல் போலவே அது ஒலித்தது. போதை மருந்து அளவு மீறிவிட்டது என்று முடிவு செய்து அதற்கான சிகிச்சை நடந்தது. உண்மையில் மூளையில் ரத்தக் கசிவு. கண்டுபிடிப்பதற்குள் காலம் கடந்து, கைகால்கள் நான்கும் செயலிழந்துவிட்டன. பிறகு வழக்கில் சுமார் 7 கோடியே 10 லட்சம் டாலர் இழப்பீடு பேசி முடிக்கப்பட்டது. அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் இல்லாமலில்லை. தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்தான் இல்லை. இரண்டு மொழியிலும் பேச வருகிறது என்பதற்காக ஒருவரை மருத்துவக் கட்டுரைக்கு மொழிபெயர்ப்பாளராக உட்கார வைக்கும் பழக்கம் நம்மிடமும் உண்டு.

♦ பெர்லின் மருத்துவமனை ஒன்றில் 2006க்கும் 2007க்கும் இடையில் 47 பேருக்குச் செயற்கை மூட்டு தவறான முறையில் பொருத்தப்பட்டது. சிமென்ட் வைத்துப் பொருத்த வேண்டிய மூட்டு அது. பெட்டியில் இருந்த ஆங்கிலக் குறிப்பை, சிமென்ட் வேண்டாம் என்று புரிந்துகொண்டுவிட்டார்கள். பிரான்ஸின் எபினால் நகரில் 2004-05இல் இருபதுக்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகள் அளவு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். கணினி மென்பொருளுக்கு பிரெஞ்சு மொழியில் வழிகாட்டி இல்லாதது அதற்கான காரணங்களில் ஒன்று. படித்த மருத்துவர்களும் தொழில்நுட்பக்காரர்களுமே தாய்மொழி அல்லாத குறிப்பில் தடுக்கி விழுகிறார்கள் என்றால், சாதாரண நோயாளியிடம் ஆங்கிலச் சீட்டை நீட்டுவது எந்த நியாயம்?

♦ தாய்மொழியில் எழுதினால் உண்மையிலேயே பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: எபோலா பற்றிய எளிய குறிப்புகளை வைத்து 'எல்லைகளற்ற மொழிபெயர்ப்பாளர்கள்' அமைப்பு கென்யாவில் சோதித்துப் பார்த்தது. ஆங்கிலக் குறிப்பைப் படித்தவர்கள் கேள்விகளில் 16 சதவீதத்துக்குச் சரியாகப் பதில் சொன்னார்கள். சுவாஹிலியில் படித்தவர்கள் 92 சதவீதத்துக்கு. கென்யாவில் இரண்டுமே ஆட்சிமொழிகள்.

♦ மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த மருத்துவப் பள்ளி 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. யாழ்ப்பாணத்தின் மானிப்பாயில். நடத்தியவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டரில் 1822இல் பிறந்து, 1847இல் இலங்கைக்கு வந்தவர். முதலில் ஆங்கிலத்தில்தான் பாடம் நடத்தினார். ஆங்கிலத்தில் படித்த மாணவர்கள் அரசு வேலைக்கும் நகரத்துக்கும் போய்விடுவதைப் பார்த்தார். கிராமத்தில் தங்கி வைத்தியம் பார்ப்பவர்கள் வேண்டுமானால் பாடம் தமிழில் இருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்; 1860களில் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் பயின்று மருத்துவர்களானார்கள்.

அவர் வெளியிட்ட நூல்களின் பெயர்களைப் படித்தாலே உழைப்பு தெரியும். 'அங்காதிபாத சுகரண வாத உற்பாலன நூல்', 'பிரசவ வைத்தியம்', 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்', 'கெமிஸ்தம்', 'மனுஷ சுகரணம்'. உடற்கூறு, பிரசவம், அறுவை சிகிச்சை, வேதியியல் என்று ஒரு மருத்துவ மாணவனுக்குத் தேவையான அலமாரி முழுவதும். தமிழ்ச் சொல் கிடைத்தால் அது, இல்லையென்றால் வடசொல், அதுவும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் போட்டுவிடுவார். 'கெமிஸ்தம்' அப்படி வந்ததுதான். எனக்கு இதில் பிடித்தது அவருடைய பிடிவாதம் அல்ல, பிடிவாதம் இல்லாமை. படிக்கிறவன் கையில் நோயாளியின் உயிர் இருக்கிறது என்ற ஒரே கணக்கில் சொல்லைத் தேர்ந்தெடுத்தார். தாயகம் திரும்பி 1884இல் காலமான அவருடைய கல்லறையில், தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று பொறித்திருக்கிறார்கள். அவர் பெயரில் மருத்துவமனை மானிப்பாயில் இன்றும் இருக்கிறது.

♦ 'கட்டி' என்று எழுதினால் என்ன புரியும்? சீழ் பிடித்த கொப்புளமும் கட்டி, தோலடியில் உருளும் கொழுப்பும் கட்டி, சினைப்பையில் வரும் நீர்க்கட்டியும் கட்டி, புற்றுநோயும் கட்டி. ஆங்கிலத்தில் நான்குக்கும் நான்கு பெயர். ஆங்கிலக் கட்டுரை நிதானமாக விளக்கியிருக்கும். தமிழ்ப் பக்கத்தில் 'சினைப்பைக் கட்டி' என்று தலைப்பைப் பார்த்த பெண் அன்றிரவு தூங்க மாட்டார். 'நீர்க்கட்டி', 'சீழ்க்கட்டி', 'கொழுப்புக் கட்டி', 'புற்றுநோய்க் கட்டி' என்று ஒவ்வொரு இடத்திலும் முன்சொல்லைச் சேர்த்து எழுதுவது எழுதுகிறவரின் கடமை. சுருக்கமாக இருக்கட்டும் என்று அதை வெட்டும் ஆசிரியரிடம் சண்டை போடலாம்.

♦ மருத்துவ வினாத்தாள்களை மொழிபெயர்க்க உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறையில் நான்கு படிகள் உண்டு. ஒருவர் மொழிபெயர்ப்பார், நிபுணர் குழு பார்க்கும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்தில் மாற்றுவார், கடைசியில் பயன்படுத்தப் போகிறவர்களிடமே கொடுத்துச் சோதிப்பார்கள். ஒரு இணையதளக் கட்டுரைக்கு இவ்வளவும் நடக்காது. கடைசிப் படியை மட்டுமாவது செய்யலாம். வரவேற்பறையில் காத்திருக்கும் ஒருவரிடம் பக்கத்தைக் கொடுத்து, 'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள். மரியாதைக்குப் புரிந்தது என்பார். 'வீட்டுக்குப் போய் உங்கள் அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்?' என்று கேளுங்கள்.

♦ ஆங்கிலத்தில் 'செய்யாதே' என்பது வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும். தமிழில் அது கடைசிச் சொல். தாளில் படிக்கும்போது இதனால் ஒரு சிக்கலும் இல்லை. கைபேசியில் உண்டு. கட்டுரையை வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் முன்னோட்டத்தில் ஒன்றரை வரிதான் தெரியும். கூகுள் தேடலிலும் அப்படித்தான். 'ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை ஆபரேஷனுக்கு முன் நீங்களாகவே நிறுத்த...' என்று மூன்று புள்ளியோடு வரி நிற்கும். 'வேண்டாம்' என்பது வெட்டுப்பட்ட பகுதியில் போய்விட்டது. மீதியைத் திறந்து படிக்காதவர் எதை எடுத்துக்கொள்வார்? மருந்து எச்சரிக்கையைத் தமிழில் எழுதும்போது மறுப்பை முன்னால் கொண்டுவர வழி இருக்கிறது. 'செய்யக் கூடாதது: மாத்திரையை நீங்களாக நிறுத்துவது' என்று தொடங்கலாம். அல்லது வாக்கியத்தை ஐந்தாறு சொல்லுக்குள் முடித்துவிடலாம். வெளியிடும் முன் உங்கள் கைபேசிக்கே ஒருமுறை அனுப்பி, எந்தச் சொல்லில் வெட்டுகிறது என்று பாருங்கள்.

♦ இந்தியாவின் 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், நீரிழிவு, புற்றுநோய் உட்பட அட்டவணையில் உள்ள நோய்களைக் குணமாக்குவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. எந்த மொழியில் என்று சட்டம் பிரிப்பதில்லை. ஆங்கிலப் பக்கத்தைச் சட்ட ஆலோசகர் வரிவரியாகப் பார்த்திருப்பார். 'சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க உதவும்' என்றுதான் இருக்கும். தமிழுக்கு வரும்போது அது 'சர்க்கரை நோய் குணமாகும்' என்று கொழுத்துவிடும். 'வரலாம்' என்பது 'வரும்' ஆகும். 'சிலருக்கு' என்பது காணாமல் போகும். ஆங்கிலத்தில் இருக்கும் அதே அளவு தயக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். தமிழ் வாசகருக்கு உறுதியாகச் சொன்னால்தான் பிடிக்கும் என்று நினைப்பது அவரைக் குறைத்து மதிப்பிடுவது.

♦ 'இரண்டு கரண்டி மருந்து கொடுக்கவும்.' எந்தக் கரண்டி? டீஸ்பூன் என்றால் 5 மி.லி., டேபிள்ஸ்பூன் என்றால் 15 மி.லி. தமிழில் இரண்டையும் கரண்டி என்றே போட்டுவிட்டால் குழந்தைக்கு மூன்று மடங்கு மருந்து போகக்கூடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் ஸ்பூன் கணக்கையே விட்டுவிடச் சொன்னது, மி.லி. மட்டும்தான், அதுவும் மருந்தோடு வரும் மூடியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ அளந்து.

ஓ.ஆர்.எஸ். கரைசலிலும் இதே கதை. கடையில் 1 லிட்டருக்கான பொட்டலமும் உண்டு, 200 மி.லி.க்கான சிறு பொட்டலமும் உண்டு. சிறியதை மனதில் வைத்து 'ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு பொட்டலம்' என்று தமிழில் எழுதியிருப்பார்கள். வீட்டில் இருப்பது பெரியது. அதை ஒரு டம்ளரில் கொட்டினால் உப்பு ஐந்து மடங்குக்கு ஏறும். வயிற்றுப்போக்கில் ஏற்கெனவே சோர்ந்த பிள்ளைக்கு ரத்தத்தில் உப்பு கூடுவது உயிருக்கே ஆபத்து. பொட்டலத்தின் பின்பக்கத்தில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கும். 'பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள், அதில் சொல்லியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுவதையும் கொட்டிக் கலக்குங்கள், 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கீழே ஊற்றிவிடுங்கள்' என்று மூன்று வரி எழுத வேண்டும். அந்தப் பின்பக்கத்தின் படத்தையும் போட்டால் இன்னும் நல்லது.

♦ 'வெறும் வயிற்றில்' என்றால் நம் வீடுகளில் காலை எழுந்ததும் என்றுதான் பொருள். மருந்துக் கணக்கில் அது பெரும்பாலும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தோ. நேரத்தைச் சொல்லிவிடுங்கள்.

♦ இந்தியாவிலும் இலங்கையிலும் பாராசிட்டமால் என்று சொல்லும் மருந்துக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் அசிட்டமினோஃபென் என்று பெயர். டொரன்டோவில் மகள் வீட்டுக்குப் போன அம்மா ஊரிலிருந்து கொண்டுபோன காய்ச்சல் மாத்திரையையும், அங்கே வாங்கிய டைலினாலையும் வேறு வேறு மருந்து என்று நினைத்துச் சேர்த்துப் போட்டுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் போனால் கல்லீரலுக்கு ஆபத்து. தமிழ்ப் பக்கத்தில் இரண்டு பெயரையும் தமிழ் எழுத்தில் போடுவதோடு, பெட்டியின் மேல் ஆங்கிலத்தில் எப்படி அச்சாகியிருக்கும் என்று படமாகவும் காட்டுவது நல்லது.

♦ வெறும் வயிற்றுச் சர்க்கரை 126ஓ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு என்று சென்னையில் எழுதுவோம். கோலாலம்பூரில் இருக்கும் தமிழரின் ரிப்போர்ட்டில் அதே அளவு 7.0 என்று இருக்கும். மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், கனடா எல்லாம் மில்லிமோல் கணக்கு. நாம் மில்லிகிராம் கணக்கு. மில்லிமோலை மில்லிகிராமாக்க 18 ஆல் பெருக்க வேண்டும். 11 என்று பார்த்தவர், 'நூறுக்குக் கீழே இருந்தால் நல்லது' என்ற நம் வரியைப் படித்து நிம்மதியாகிவிடுவார். உண்மையில் அது 198. ஆங்கிலக் கட்டுரை எழுதும்போது உள்ளூர் நோயாளியை நினைத்து எழுதுகிறோம். தமிழில் எழுதியதும் வாசகர் ஐந்தாறு நாடுகளில் இருக்கிறார். எண்ணுக்குப் பக்கத்தில் அலகு, அடைப்புக்குள் மற்ற அலகு. வேலை முடிந்தது.

♦ மாரடைப்பு வராமல் இருக்கத் தினமும் சின்ன ஆஸ்பிரின் போடலாம் என்று பல வருடம் சொல்லிவந்தார்கள். 2022இல் அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு பரிந்துரையை மாற்றியது. இதய நோய் வராதவர்கள் 60 வயதிலோ அதற்கு மேலோ புதிதாக அதைத் தொடங்க வேண்டாம்; ரத்தக் கசிவு ஆபத்து பலனை விழுங்கிவிடுகிறது. (ஏற்கெனவே மாரடைப்பு வந்து மருத்துவர் சொல்லிப் போடுகிறவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் நிறுத்தக் கூடாது.) இப்படி ஒரு பரிந்துரை மாறினால் ஆங்கிலப் பக்கத்தை அதே மாதம் திருத்துவார்கள். தமிழ்ப் பக்கம் போட்டது போட்டபடி கிடக்கும். பழைய தமிழ்ப் பக்கத்தைவிடப் பக்கமே இல்லாமல் இருப்பது மேல் என்பது என் கட்சி. ஒரு பக்கத்தை நம்பலாமா என்று வாசகரே முடிவு செய்ய, மருத்துவ இணையதளங்களுக்கு 'ஹான் கோட்' என்ற எட்டு நெறிகளை ஜெனீவாவில் ஒரு அறக்கட்டளை 1990களிலேயே வகுத்தது: எழுதியவர் யார், அவர் தகுதி என்ன, ஆதாரம் எது, பணம் எங்கிருந்து வருகிறது, விளம்பரம் எது என்று. அந்த அமைப்பு 2022இல் மூடப்பட்டுவிட்டது, நெறிகள் பழசாகவில்லை. தமிழ்ப் பக்கத்தில் மருத்துவர் பெயரோடு மொழிபெயர்த்தவர் பெயரும், தமிழைச் சரிபார்த்த தேதியும் தனியாக இருக்கட்டும்.

♦ நோயாளியின் கதையைச் சொல்வது நம்பிக்கை தரும் எழுத்து. அடையாளம் தெரியும்படி படத்தையோ விவரத்தையோ அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்று இந்திய மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் சொல்கின்றன. 2017இன் மனநலச் சட்டமும், அதே ஆண்டின் எச்.ஐ.வி. சட்டமும் இன்னும் கறாரானவை. இங்கே இரண்டு மொழியில் வெளியிடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 'ஒரு சிறு நகரத்தைச் சேர்ந்த 42 வயது ஆசிரியை, இரட்டைக் குழந்தைகளின் தாய்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் பெங்களூரில் படிப்பவருக்கு யாரோ ஒருவர். அதே கட்டுரை தமிழில், தாலுகா பெயரோடு வந்தால், அந்த ஊர்ப் பள்ளியின் பெற்றோர் குழுவில் ஒரே மணி நேரத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நோயாளியை அறிந்தவர்கள் படிக்கும் மொழி தமிழ்தான். ஆங்கிலத்தில் மறைந்த விவரம் தமிழில் வெளிச்சமாகிவிடும். அதனால் தமிழ் வடிவத்தில் ஊர், தொழில், வயது மூன்றில் இரண்டையாவது எடுத்துவிட வேண்டும். அனுமதி கேட்கும்போதும் 'இணையத்தில் போடுகிறோம்' என்று பொதுவாகச் சொல்லாமல், 'தமிழிலும் வரும், உங்கள் ஊர்க்காரர்கள் படிப்பார்கள், பிறகு எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவோம், ஆனால் பகிர்ந்தது பகிர்ந்ததுதான்' என்று முழுதாகச் சொல்லிக் கையெழுத்து வாங்குவதே நேர்மை.

♦ தனிநபர் தரவு பற்றி 2023இல் இந்தியா இயற்றிய சட்டம், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தரச் சொல்கிறது. தமிழ் அதில் ஒன்று. கட்டுரை தமிழில், அதன் அடியில் இருக்கும் 'அப்பாயின்ட்மென்ட்' படிவத்தின் நிபந்தனைகள் மட்டும் ஆங்கிலத்தில் என்ற ஏற்பாடு அந்தச் சட்டத்தோடு ஒத்துப்போகாது.

♦ பார்வையற்றவர்கள் கைபேசியைக் காதால் படிக்கிறார்கள். பக்கத்தின் நிரலில் இது தமிழ் என்ற மொழிக்குறி இல்லாவிட்டால், திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலிலேயே படிக்க முயன்று தமிழ் எழுத்துக்களைத் தாண்டிப் போய்விடலாம், அல்லது குழறலாம். ஒரே பக்கத்தில் இரண்டு மொழியும் கலந்திருந்தால் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிக் குறி வேண்டும். வலைத்தளம் கட்டுகிறவருக்கு இது சில நிமிட வேலை.

♦ தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010இல். இன்றும் சில மருத்துவமனைகளின் தமிழ்க் கையேடுகள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சாகி, பி.டி.எஃப். ஆக ஏற்றப்படுகின்றன. கண்ணுக்குத் தமிழ், நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பை. தேடலிலும் அகப்படாது. யாரும் கண்டுபிடிக்க முடியாத அறிவுரையால் யாருக்கும் பயனில்லை.

♦ தற்கொலை பற்றி எழுதும்போது முறையையும் இடத்தையும் விவரிக்க வேண்டாம், ஒரே காரணத்தில் அடக்க வேண்டாம், உதவி எங்கே கிடைக்கும் என்று கட்டாயம் சொல்லுங்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ஆங்கிலத்தில் இதைக் கடைப்பிடிக்கும் தளங்களே தமிழில் நாளிதழ்த் தலைப்பின் தொனிக்குச் சறுக்குவதைப் பார்க்கிறேன்; வருத்தமாக இருக்கிறது. இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் எண் 14416. தமிழிலும் பேசலாம். இலங்கையில் 1926.

♦ மாரடைப்பு அறிகுறி பற்றிய தமிழ்ப் பக்கத்தின் முடிவில் 'உடனே 108ஐ அழையுங்கள்' என்று இருக்கும். தமிழ்நாட்டுக்குச் சரி. இலங்கையில் ஆம்புலன்ஸ் 1990. சிங்கப்பூரில் 995. மலேசியாவிலும் பிரிட்டனிலும் 999. கனடாவில் 911. ஆஸ்திரேலியாவில் 000. பக்கவாதம் வந்தவருக்கு ரத்த உறைவைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதில் ஐந்து நிமிடம் தவறான எண்ணில் போவது கூட அதிகம். நாட்டுவாரியாக இந்த எண்களைப் போட இரண்டு வரி போதும். மாரடைப்பு, பக்கவாதம், பாம்புக்கடி பற்றிய பக்கங்களில் அந்த இரண்டு வரியைக் கட்டுரையின் அடியில் வைக்காமல், தலைப்புக்கு அடுத்த வரியாக, தட்டினால் அழைப்பு போகும்படி வையுங்கள்.